12 வாரம் சும்மா இருந்த கதை

1999-ல் 12 வாரம் நான் சும்மா இருந்தேன். அதை வைத்து ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்போது கல்லூரிக் கபடி அணியில் இருந்தேன். உடற்கல்வியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு சார் வந்து, சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் இருந்து 45 பேரைப் பொறுக்கி 15, 15, 15 எனப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு யோகா, ஒரு கூட்டத்துக்கு எடைப் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. அதில்தான் நான். மற்ற இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கூட்டம், கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். "நீங்க எப்பவும்போல இருங்க, புதுசா ஒண்ணும் செய்யண்டாம்" என்றார். முதல் நாளும் கடைசி நாளும் அளந்தார்கள்: நாடித்துடிப்பு, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் மூச்சடக்குகிறோம். கடைசி நாள் எனக்கு 52 விநாடி. ஆளுக்கு இரண்டு மட்டிப் பழமும் ஒரு சாயாவும் வாங்கித் தந்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

யோகா செய்தவனுக்கு மூச்சு கூடியதா, எடை தூக்கியவன் கூடுதல் தூரம் தாண்டினானா? யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

இப்போது நாகர்கோவிலில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்லூரிகளுக்குக் குறைவில்லாத ஊர், அதனால் தீசிஸ் வேலைக்கும் பஞ்சமில்லை. காலையில் நானோ துகள், மத்தியானம் கைப்பந்து வீரர்கள், சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பயம். மூன்றுக்கும் ஒரே ரெக்சின் பைண்டிங், ஒரே தங்க எழுத்து. நன்றியுரைப் பக்கத்தில் கடவுள், கைடு, அப்பா அம்மா எல்லாரும் வருவார்கள். அழகாகத் தட்டச்சு செய்த அண்ணன் என்று சில நேரம் நானும் வருவேன். அளக்கச் சொல்லி நின்றவர்களுக்கு, ரத்தம் கொடுத்தவர்களுக்கு, கேள்வித்தாளில் டிக் போட்டவர்களுக்குக் கூடிப்போனால் ஒரு வரி.

அந்த ஒரு வரி போதாது என்பதுதான் என் கட்சி. யாரிடம் எடுத்தீர்களோ அவர்களிடம் போய், என்ன கண்டீர்கள் என்று தமிழில் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா வீடு மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. தோரியம் கதிர்வீசும் பொருள். கயிறு திரித்தவனுக்கு மணல் தொல்லை, அங்கே ஒருவருக்கு அதுவே புதையல்! அன்று தொடங்கியது. அதன்பிறகு மணலை அளக்க எத்தனையோ பேர் இந்தக் கரைக்கு வந்து போய்விட்டார்கள். சாயாக்கடையில் மட்டும் இன்றும் அதே பேச்சுதான். ஒருவர் "இந்த மண்ணாலதான் இத்தனை கேன்சர்" என்பார், இன்னொருவர் "எங்க தாத்தா இதே மண்ணுல தொண்ணூறு வயசு வரை இருந்தாருல்லா" என்பார்.

இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் வெளியிட்டார்கள். செய்தது திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையம். நம்ம மாவட்டத்துக்காரர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் சிகிச்சைக்குப் போகிற அதே ஆஸ்பத்திரி. அங்கே கண்டது நம்ம கரைக்கு அப்படியே பொருந்துமா என்பதைத் தெரிந்தவர்கள் பேசட்டும். ஆனால் அப்படி ஒரு ஆய்வு நடந்ததே எனக்கு எப்படித் தெரிந்தது? ஒரு மாணவியின் தீசிஸில் இரண்டாம் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான். அம்மாவிடம் சொன்னேன். "இதை முன்னாடியே யாராவது சொல்லக்கூடாதா" என்றாள்.

திரும்பி வருகிற ஆராய்ச்சியும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சியைப் பாருங்கள். கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்த நெல் பருவமானாலும் எங்கள் மாமா "டிபிஎஸ் மூணு போடவா, அஞ்சு போடவா" என்று கேட்பார். டி.பி.எஸ். என்பது திருப்பதிசாரம்தான். மாமா ஒரு கட்டுரையும் வாசித்ததில்லை. ஆனால் ஆய்வின் முடிவு விதையாக அவர் கையில் இருக்கிறது. விளையாவிட்டால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே போய்ச் சண்டை பிடிப்பார். இந்தச் சண்டை பிடிக்கிற உரிமை கபடி விளையாடிய எனக்கு இல்லாமல் போனது ஏன்?

மருத்துவத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான அறநெறியாக 1964-ல் உருவான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013 திருத்தத்தில், ஆய்வில் பங்கெடுத்தவர்கள் விரும்பினால் அதன் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. மூச்சடக்கும் நேரத்துக்கும் கணக்குப் பயத்துக்கும் அதை யார் நினைக்கிறார்கள்?

ஆய்வு மாணவர்களை மட்டும் குறை சொல்லவும் மனது வரவில்லை. யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிப்படி தீசிஸ் கொடுக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்று இருந்தது. வேதியியல், கபடி, கல்வியியல் எல்லாவற்றையும் ஒரே இதழில் போடுகிற, பணம் கட்டினால் போதும் என்கிற இதழ்கள் காளான்போல முளைத்தன. 2018 மே மாதம் யுஜிசி தான் அங்கீகரித்த இதழ்ப் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. 2022-ல் கட்டுரைக் கட்டாயமே போய்விட்டது. சரி, அந்த நேரத்தையாவது இரண்டு பக்கம் தமிழில் எழுதச் செலவிடலாமே. என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டேன்: அந்த இரண்டு பக்கத்துக்குக் காசு வேண்டாம், பிரின்ட்டும் நானே தருகிறேன். இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

இது வெறும் மரியாதை விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகளின் பள்ளிக்கு ஒருவர் கணக்குப் பயம் பற்றிக் கேள்வித்தாள் கொண்டுவந்தார். எல்லாக் கேள்விக்கும் நடுக் கட்டத்திலேயே டிக் போட்டிருக்கிறாள். ஏன் மக்ளே என்றால், "சோத்து பெல் அடிச்சிட்டுப்பா" என்கிறாள். அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று தெரியாத பிள்ளை வேறு என்ன செய்யும்?

அவளைத் திட்டவும் எனக்கு யோக்கியதை கிடையாது. போன மாதம், இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா இணையதளத்தில் தேடி அந்த 1999 தீசிஸைக் கண்டுபிடித்தேன். கட்டுப்பாட்டுக் குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார் சார். பின்னிணைப்பில் 45 பேரின் அளவுகளும் இருக்கின்றன. பெயர் இல்லை, எண்தான். மூச்சடக்கும் நேரம், 38-வது வரி: முன்பு 41, பின்பு 52.

அந்த 12 வாரமும் யோகா கூட்டத்துப் பயல்களிடம் தோற்கக்கூடாது என்று, யாருக்கும் தெரியாமல் தினமும் சாயங்காலம் பழையாற்றில் முங்கி மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். சார் ஒரு தடவை திரும்பி வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.