தோடியை ஒப்பிட முன்னர் நாடாவின் சுருதியைப் பாருங்கள்

இரண்டு கிழமைகளாக எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரே விவாதம்தான் நடக்கிறது: தோடி இராகத்தை நாகசுரத்தில் சிறப்பாக வாசித்தவர் ரி. என். இராஜரத்தினம்பிள்ளையா, அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலமா? பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடிப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கின்ற பத்துப் பன்னிரண்டு பேர் திருகோணமலையில் இருக்கிறோம். எங்களுக்குள் இப்படியான விவாதம் புதிதன்று. ஆனால் இம்முறை இரு பக்கத்தாரும் சான்றாக அனுப்பிய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டபோது, நாங்கள் இரண்டு வித்துவான்களை ஒப்பிடவில்லை, இரண்டு பழுதான பிரதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற கவலை எனக்கு உண்டானது. அதை எழுதவேண்டிய கடமையும் எனக்கு உண்டு, ஏனெனில் அதே தவற்றைப் பல வருடங்கள் நானே செய்திருக்கிறேன்.

என்னிடம் இராஜரத்தினம்பிள்ளையின் தோடி ஆலாபனை (பாட்டுக்கு முன்னர் இராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது) அடங்கிய ஒரு கசெற் இருந்தது. 1990களின் தொடக்கத்தில், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த காலத்தில், திருச்சி வானொலியில் ஒலிபரப்பானதை என் பெரியப்பா பற்றரியில் இயங்கும் ரேப் ரெக்கோடரில் பதிந்து வைத்தது அது. அந்த நாடா தேயுமளவுக்கு அதைக் கேட்டேன். அந்த வாசிப்பின் பரபரப்பும், மேல் ஸ்தாயியில் ஏறும்போது கேட்கும் ஒருவகைக் கூர்மையும் அவருடைய பாணியின் அடையாளங்கள் என்றே நம்பினேன். காருகுறிச்சியாரின் வாசிப்பில் உள்ள நிதானமும் கனிவும் அவருடைய குருவிடம் இல்லை என்று நண்பர்களிடம் வாதாடியும் இருக்கிறேன்.

ஒரு நாள் எங்கள் ஊர்க் கோயில்களில் நெடுங்காலம் சேவகம் செய்த ஒரு முதிய நாகசுர வித்துவான் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தக் கசெற்றைப் பெருமையோடு போட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூடக் கேட்டிருக்கமாட்டார். கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது ஆற்றை வாத்தியம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் மடியிலிருந்த சிறிய பெட்டியைத் திறந்து, நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளி ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்து, மெல்ல ஊதிப் பார்த்தார். பிறகு, "அவர் வாசிச்சது பாரி. இது இடைப்பாரி மாதிரிக் கேக்குது. உங்கட ரேப் ஓடுது தம்பி, அவர் ஓடேல்லை" என்றார்.

நாகசுரத்தில் திமிரி, இடைப்பாரி, பாரி என்று வகைகள் உண்டு. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. நீண்ட பாரி நாகசுரத்தை எடுத்துக்கொண்டு, அதன் தாழ்ந்த, கனமான நாதத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் இராஜரத்தினம்பிள்ளை என்பது இசையுலகம் அறிந்த செய்தி. அந்த மனிதருடைய வாத்தியத்தைத்தான் என் கசெற் ஏறத்தாழ ஒரு கட்டை (சுருதியை அளக்கும் அலகு) உயர்த்திவிட்டிருந்தது. காரணம் எளிமையானது. கசெற் நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். பதிவு செய்யும்போது பற்றரி இறங்கியிருந்தால் நாடா மெதுவாக ஓடும். அவ்வாறு பதிந்ததைப் பின்னர் நல்ல கருவியில் சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். வேகம் 6 வீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். 12 வீதம் கூடினால் ஒரு கட்டை ஏறும். அரை மணி நேர ஆலாபனை 27 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான் பாணி என்று நினைத்த பரபரப்பு, பெரியப்பாவின் ரேப் ரெக்கோடரில் சார்ஜ் இறங்கிய நான்கு பற்றரிகளின் வேலை. அதைச் சான்றாகக் காட்டி ஒரு மகாவித்துவானைப் பற்றி இத்தனை வருடங்கள் பேசியிருக்கிறேன் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே குழுவிலுள்ள உறவுகளிடம் நான் கேட்பது இதுதான்: இருவரை ஒப்பிட முன்னர், கையிலுள்ள பிரதிகளை ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருள்களே இதற்குப் போதும். சுருதியை மட்டும் மாற்றுகின்ற வசதியைத் தொடாமல், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுகின்ற வசதியைப் பயன்படுத்தவேண்டும், ஏனெனில் நாடாவில் நடந்த தவறு இரண்டையும் சேர்த்தே மாற்றியிருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் பதிவான நாடாக்களில் பின்னணியில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால், அந்த இரைச்சல் 50 இலோ அதன் மடங்குகளிலோ நிற்கவேண்டும். 56 இல் நின்றால் நாடா 12 வீதம் விரைவாக ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். இரைச்சல் இல்லாத பதிவுகளுக்கு, அந்த வாத்தியத்தைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவரின் காதைவிட நல்ல அளவுகோலை நான் அறியேன்.

இசைத்தட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். குழுவில் இராஜரத்தினம்பிள்ளைக்குச் சான்றாக வந்தது இசைத்தட்டு. காருகுறிச்சியாருக்குச் சான்றாக வந்தது கச்சேரிப் பதிவு. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றுத் தாண்டினால் முடிந்துவிடும். தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர் என்று பெயர்பெற்ற ஒருவர், அந்தச் சில நிமிடங்களுக்குள் இராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு எழும்பவேண்டியிருந்தது. அதில் நிதானம் இல்லை என்று குறை சொல்வது, தந்தியில் வந்த செய்தியைப் படித்துவிட்டு எழுதியவருக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்று சொல்வதற்குச் சமம். இசைத்தட்டை இசைத்தட்டோடும், கச்சேரியைக் கச்சேரியோடும் வைத்துக் கேளுங்கள். அதைவிட நல்லது, ஒரே வித்துவானின் இசைத்தட்டையும் கச்சேரிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பது. எது அவருடைய மனோதர்மம் (சொந்தக் கற்பனை), எது தட்டின் நெருக்கடி என்பது அப்போது தானாகப் பிரிந்து நிற்கும்.

வெட்டிய துண்டுகள் இதைவிடப் பெரிய துயரம். யூரியூப்பில் இருந்து உச்சக்கட்டத்தை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டி அனுப்புகிறார்கள். வாத்தியகாரர் கீழ் ஸ்தாயியில் எவ்வளவு நேரம் காத்திருந்து அந்த மேல் ஷட்ஜத்துக்கு ('ச' சுரத்துக்கு) வந்தார் என்பதை அறியாதவருக்கு அந்த ஷட்ஜம் வெறும் உரத்த ஒலி.

தவில்காரரின் பெயர் இல்லாமல் நாகசுரப் பதிவு அனுப்பும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுவோம். 1975 இல் மறைந்த எங்கள் தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைத் தமிழ்நாட்டுப் பெருவித்துவான்கள் விரும்பி அழைத்துத் தங்கள் பக்கத்தில் இருத்திக்கொண்டார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாகசுரத்தோடு அவர் தவில் சேர்ந்த பதிவு ஒன்று அண்மையில் குழுவுக்கு வந்தது. அதன் கீழே நாகசுரகாரரின் பெயர் மட்டும் இருந்தது. அதைக் கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, "தவில் வெறும் சத்தம்" என்று ஒருவர் எழுதினார். கூடு (விரலுறை) போட்ட விரல்களால் வாசிக்கும் வலந்தலை என்ற வலப்பக்கம் மட்டுமே அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கும். கழியால் அடிக்கும் தொப்பி என்ற இடப்பக்கத்தின் ஆழமான கும்காரம் அதில் எழவே எழாது. பாதித் தவிலைக் கேட்டு முழுத் தவிலுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. காதுக்குள் வைக்கும் இயர்போன் இருந்தாலும் போதும், அதே பதிவை இன்னொரு முறை கேளுங்கள் என்று அவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, என் சொந்தத் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிரதிகளைத் திருத்துவது நல்ல தீர்ப்புக்கு வருவதற்காகத்தான். அந்தக் கசெற்றைக் கணினியில் ஏற்றி, ஒரு கட்டை இறக்கி, மூன்று இரவுகள் கேட்டேன். தோடியின் உயிர் அதன் காந்தாரத்தில், அதாவது 'க' சுரத்தில், இருக்கிறது. அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழேயுள்ள ரிஷபத்தின் ('ரி') பக்கமிருந்து எழுந்து, மேலேயுள்ள மத்தியமத்தைத் ('ம') தொட்டும் தொடாமலும் அசைந்து, மீண்டும் இறங்கும். வீணையில் தந்தியை இழுத்து வருவிக்கும் அந்த அசைவை, நாகசுரத்தில் துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் பிடியை இறுக்கியும் தளர்த்தியும் வருவிக்கவேண்டும். என் பழைய நாடாவில் அந்தக் காந்தாரம் ஒரு நடுக்கம்போலக் கேட்டது. வேகத்தைத் திருத்திய பின்னர், அது ஒரு பெரிய ஊஞ்சல் மெதுவாகப் போய்த் திரும்புவதுபோல இருந்தது. போன இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகுதான் திரும்புகிறது. தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாக்களில், சுவாமி வீதிவலம் வரும்போது, வயல்வெளியைத் தாண்டி வந்து காதில் விழுந்த நாகசுரம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் காந்தாரத்துக்காக இராஜரத்தினம்பிள்ளையின் தோடி ஆலாபனையையே நான் முதலில் வைப்பேன். கீர்த்தனையின் சொற்களை வாய்ப்பாட்டுப்போலத் தெளிவாக வாத்தியத்தில் பேசவைக்கும் இடத்தில் என் மனம் இன்றும் காருகுறிச்சியாரிடமே போகிறது. நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார் என்பதை எண்ணும்போது அந்தத் தெளிவு இன்னும் நெஞ்சை அறுக்கிறது. இந்த இரண்டில் எதையும் என் பழைய நாடாவை வைத்து நான் சொல்லியிருக்க முடியாது.

வருகிற போயாவுக்குக் கூட்டம் என் வீட்டில். திருத்திய பிரதியையும், திருத்தாத பழைய கசெற்றையும் இரண்டையுமே போடுவேன். வேறுபாட்டை நீங்களே கேட்கலாம். காருகுறிச்சியாரின் தோடி முழுக் கச்சேரியாக, தவில் வித்துவான்களின் பெயர்களோடு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து வெட்டாமல் கொண்டுவாருங்கள். பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். அந்த முதிய வித்துவான் இப்போது நம்மிடையே இல்லை. ஆனால் அவருடைய பேரன் சுருதிப்பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.