காகிதச் சோதனையும் மார்த்தாண்டம் தேனும்

வாட்ஸ்அப்பில் வரும் போலி மருத்துவக் குறிப்புகளை எப்படி அடையாளம் காண்பது என்று விளக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துச் சங்கதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சாலையோரம் தேன் விற்பவர் செய்தித்தாளில் ஒரு சொட்டு விடுவார். காகிதம் நனையாவிட்டால் சுத்தத் தேனாம். தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசியும் காட்டுவார்; பற்றிக்கொண்டால் அசலாம். கூட்டம் வாய்பிளந்து நிற்கும். இவை இரண்டும் தேனில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இதில் தேறிவிடும். வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் அசல் தேன் தோற்றுவிடலாம்! இங்குள்ள தேன் பெரும்பாலும் ரப்பர் மரம் புதிதாகத் தளிர்க்கும் பருவத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருவது. ஈரப்பதம் கூடுதல்; சீக்கிரம் உறையவும் செய்யும். உறைந்துவிட்டது, கலப்படம் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், தேனீ வளர்ப்பவர்.

இதைவிட எரிச்சலூட்டுவது, ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று தொங்கும் அட்டை. தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ஒரு மருந்து சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அட்டை எழுதுகிறவர்கள் அதையெல்லாம் எங்கே படிக்கப் போகிறார்கள்?

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு வயது முடியும்வரை வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். சுத்தமான தேனுக்கும் இது பொருந்தும்.