எக்ஸ்பிஎஸ் கொழுந்துக்குள் பார்க்காது

எக்ஸ்பிஎஸ் கருவி (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி ஒரு பொருளில் என்னென்ன மூலகங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது) தேயிலைக் கொழுந்தின் உள்ளே ஊறிய மருந்தையெல்லாம் காட்டிவிடும் என்று ஒரு தம்பி எழுதியதை ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நிறையப் பேர் பகிர்கிறீர்கள். அது சரியில்லை தம்பி. எக்ஸ் கதிர் ஆழமாகப் போவது உண்மைதான், ஆனால் கருவி அளப்பது அந்தக் கதிர் தட்டி வெளியேற்றும் இலத்திரன்களை, அவை சக்தி இழக்காமல் வெளியே வருவது மேலிருந்து சுமார் 10 நானோமீற்றருக்குள் (ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) இருந்துதான், இலையின் மெழுகுப் படலத்தைக்கூடத் தாண்டாது. இந்த முறையை வளர்த்து 1981இல் நோபல் பரிசு பெற்றவர் காய் சீக்பான். இன்றும் இதை வைத்து ஆராயும் இரசாயனவியலாளர்கள் ஊக்கி (இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள்), துரு, மெல்லிய படலம் என்று பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் பார்க்கிறார்கள். சந்தேகமென்றால் அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்டின் தரவுத்தளம் இலவசம்: இலத்திரன் சக்தி இழக்காமல் போகும் சராசரித் தூரத்தைத் தேடுங்கள், சில நானோமீற்றர்தான் வரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.