ஃபெரிட்டினும் முருங்கைக்கீரையும்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். "பிள்ளை ஓரிடத்தில் உட்காரவில்லையா? இரும்புச்சத்துக் குறைவுதான். முருங்கைக்கீரை கொடுங்கள், கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அந்த அன்பர் ஆதாரமாகக் காட்டும் பிரான்ஸ் ஆய்வு, அப்படி எதையும் சொல்லவில்லை.

2004இல் எரிக் கொனோஃபல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. ஏ.டி.எச்.டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) உள்ள 53 குழந்தைகளின் இரத்தத்தில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சராசரியாக மில்லிலிட்டருக்கு 23 நானோகிராம். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 27 குழந்தைகளுக்கு 44. ஃபெரிட்டின் குறையக் குறைய அறிகுறிகளும் கடுமையாக இருந்தன. கவனத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு தேவை என்பதால் இத்தொடர்பை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் கண்டுபிடிப்பு. ஒன்றால் மற்றது வந்தது என்பது அன்பரின் சொந்தச் சரக்கு. அதே குழுவினர் 2008இல் ஃபெரிட்டின் குறைந்த 23 குழந்தைகளை வைத்துச் சோதித்தபோது, 12 வாரம் இரும்பு கொடுத்ததில் ஒரு மதிப்பீட்டில் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோர், ஆசிரியர் நிரப்பிய படிவங்களில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. இதைக் காணொளியில் காணோம்.

என் மகனுக்கும் ஃபெரிட்டின் குறைவாகத்தான் இருந்தது. பல் கறுக்காமலிருக்க ஸ்ட்ரா போட்டு, அந்த வேளையில் பாலைத் தவிர்த்து, மருத்துவர் சொன்னபடி மாதக்கணக்கில் இரும்பு டானிக் கொடுத்தேன். அளவு ஏறியது, முகத்தில் சோர்வும் குறைந்தது. வீட்டுப்பாடத்தில் இரண்டாவது வரியிலேயே பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போவது மட்டும் நிற்கவில்லை. இரும்புக்குறைவுதான் காரணமென்றால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் இந்த நாட்டில், எந்த வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்?

"அப்படியானால் பரிசோதனையே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். குறைவிருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும், தேவைக்கு மேல் கொடுத்த இரும்பு குழந்தைக்கு நஞ்சு. ஆகவே அதை மருத்துவர் பார்க்கட்டும். "கீரை கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?" ஒன்றும் கெடாது, என் வீட்டிலும் வாரந்தோறும் கீரைதான். மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

காணொளியோடு "வேலைக்கும் போய்க்கொண்டு இதையெல்லாம் கவனிக்க உனக்கு நேரம் இருந்திருக்காது" என்று பரிவாக ஒரு வரியும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். பிள்ளையின் அப்பாவும் வேலைக்குத்தான் போகிறார், அவர் எண்ணும் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அவருக்கு ஒருவர்கூட அனுப்பவில்லை.