துப்பாக்கியைத் தொடாதவர்

சில நாட்களாக ஒரே ஆளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு ஆறவில்லை. ஃபியோதர் வின்பெர்க். ரஷ்ய மன்னரான ஜாரின் படையில் கர்னல். 1917 புரட்சிக்குப் பிறகு சிறையில் இருந்து, அப்புறம் ஜெர்மனிக்குத் தப்பி வந்தவர். நாட்டையும் மன்னரையும் பறிகொடுத்தவரின் வலி எனக்குப் புரிகிறது. அந்த வலியைக் கொண்டுபோய் எதில் கொட்டினார் என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பெர்லினில் 'ஒளிக்கதிர்' என்று பொருள்படும் பெயரில் ரஷ்ய இதழ் ஒன்றை நடத்தினார். 1920இல் அதில் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' முழுவதையும் அச்சிட்டார். உலகத்தையே வளைக்க யூதர்கள் ரகசியத் திட்டம் போட்டார்கள் என்று சொல்லும் போலி ஆவணம் அது. மறு வருடமே லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் பிலிப் கிரேவ்ஸ் குட்டை உடைத்தார். 1864இல் மொரீஸ் ஜோலி மூன்றாம் நெப்போலியனைச் சாடி எழுதிய புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக உருவியிருந்தார்கள். ஜோலியின் புத்தகத்தில் யூதர்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. சரி, பொய் என்று தெரிந்துவிட்டதே, நிறுத்தினார்களா? இல்லை.

1922 மார்ச் 28. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் ரஷ்யத் தாராளவாதத் தலைவர் மில்யுகோவின் கூட்டம். ஜார் குடும்பத்துக்குப் பழிவாங்குவதாகக் கத்திக்கொண்டே ஒருவன் சுடுகிறான். ஷபெல்ஸ்கி-போர்க், வின்பெர்க்கின் நெருங்கிய சகா. மேடைப் பக்கம் இருந்த விளாதிமிர் நபோகோவ் பாய்ந்து அவனை மடக்கிப் பிடிக்கிறார். பிடித்த பிடியை அவர் விடாமல் இருக்கும்போதே தபோரித்ஸ்கி என்ற கூட்டாளி அவரைச் சுட்டுக் கொல்கிறான். மில்யுகோவுக்கு ஒரு கீறலும் இல்லை. இத்தனைக்கும் அந்தச் சமயத்தில் நபோகோவுக்கும் மில்யுகோவுக்கும் அரசியலில் ஒத்துப்போகவில்லை.

பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரின் அப்பா என்றுதான் இந்த நபோகோவை நாம் அறிவோம். எனக்கு அவர் வேறு ஒன்றுக்காக முக்கியமானவர். 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் நடந்த கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டபோது, ஜார் ஆட்சி நடக்கும்போதே, அரசைக் குற்றம்சாட்டித் தன் பெயர் போட்டு எழுதினார். பிரபு குடும்பத்து ஆள், வாயை மூடிக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அதே ஆண்டுதான், கிஷினேவில் வெறியைத் தூண்டிய க்ருஷெவான் தன் பத்திரிகையில் 'நெறிமுறைகளை' முதன்முதலாக வெளியிட்டான்.

வின்பெர்க் துப்பாக்கியைத் தொடவில்லை. பிரான்சுக்குப் போனார், 1927இல் அங்கேயே இறந்தார். சுட்ட இருவரும் அதே ஆண்டு சிறையிலிருந்து விடுதலையானார்கள். தபோரித்ஸ்கிக்கு 1936இல் நாஜி அரசு வேலை கொடுத்தது, ஜெர்மனியில் இருந்த ரஷ்ய அகதிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில்.