நசுங்க வேண்டியது பானெட்தான்

நண்பர்கள் பகிர்ந்துவரும் அந்த விபத்துக் காரின் புகைப்படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால், முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய அந்தப் புதிய கார் என் தங்கையுடையது என்று தெரிந்த பிறகும், "இதுவே பழைய பியட்டாக இருந்தால் கீறல்கூட விழுந்திருக்காது" என்று நண்பர்களே எழுதும்போது சும்மா இருக்க முடியவில்லை.

நசுங்குவதற்காகவே செய்யப்பட்ட பகுதி நசுங்கியிருக்கிறது, ஐயா. பானெட்டும் அதன் கீழுள்ள சட்டங்களும் மடங்கி மோதலின் விசையை வாங்கிக்கொள்ள, ஆள் அமரும் கூடு உருக்குலையாமல் நிற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பாரெனி 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. தகரத்தை மிச்சப்படுத்த நேற்று கண்டுபிடித்த தந்திரமன்று. 2009-இல் அமெரிக்காவில், 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் காரையும் அதே நிறுவனத்தின் புதிய மாலிபுவையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டுப் பார்த்தார்கள். சிதைந்தது பெல் ஏர் என்ற அந்தக் 'கெட்டி இரும்பின்' ஓட்டுநர் அறைதான்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நீங்கள் பியட் என்று சொல்லும் பிரீமியர் பத்மினியின் எடை ஏறத்தாழ 900 கிலோ. இன்றைய ஸ்விஃப்டும் அதற்குச் சற்று மேல்தான். நீளமும் இரண்டுக்கும் நான்கு மீட்டருக்குள். அப்படியானால் நீங்கள் சிலாகிக்கும் இரும்பு எங்கே ஒளிந்திருந்தது? ஸ்விஃப்டில் ஆறு காற்றுப்பைகளும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன. பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் பழைய பாணி டிரம் பிரேக்.

எனக்குப் பழமையின் அருமை தெரியாது என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அப்பா வைத்திருந்தது பத்மினிதான். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். நீண்ட முன்னிருக்கையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே, பெல்ட் என்ற பேச்சே இல்லாமல், நின்றுகொண்டே திண்டிவனம் வரை போனவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவும் பெட்ரோல் வாசனை இன்றும் எனக்குப் பிடிக்கும். "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பீர்கள். நாங்கள் எதன் மீதும் மோதவில்லை, அவ்வளவுதான்.

பழுதுபார்க்கும் செலவு அதிகம் என்கிறார்கள். ஆம், அதிகம். புதியவை எல்லாம் பாதுகாப்பானவையா என்றும் கேட்கிறார்கள். இல்லை, 2014-இல், கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பெண் தரும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஐந்து இந்தியச் சிறிய கார்களும் வாங்கியது பூச்சிய நட்சத்திரம். அதன் பிறகுதான் மோதல் சோதனையும் காற்றுப்பையும் இங்கே கட்டாயமாயின. குறையைக் கண்டால் விதியை இறுக்குவார்களா, 1970-களுக்குத் திரும்புவார்களா?

"பெண் ஓட்டினால் இப்படித்தான்" என்று அருளிய பெரியவருக்கும் ஒன்று: தடுப்பைத் தாண்டி எதிரே வந்தது வேன், என் தங்கை தன் பக்கத்தில்தான் போனாள். தோளில் பெல்ட் பதிந்த தடத்தோடு, தானே கதவைத் திறந்து இறங்கி எனக்குப் போன் செய்தாள். உங்கள் நகைச்சுவைகளை அவளும் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுதியவர்களே அவற்றை நீக்கிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் நட்புப் பட்டியலிலிருந்து நான் நீக்க வேண்டியிருக்கும்.