சும்மா பார்க்கத்தானே போனோம்

கடந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு வீடியோ எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பென்னாகரம் வட்டத்தில், நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு வற்றியதால் வெளியே தெரியும் ஒரு திட்டு. அதன் நடுவில் நான்கு இளைஞர்கள் கைகளை விரித்தபடி நிற்கிறார்கள். தலைக்கு மேலே அறுபது எழுபது வெள்ளைப் பறவைகள் சுழன்று சுழன்று பறக்கின்றன. "பறவைகள் எங்களை வரவேற்ற தருணம்" என்று எழுதியிருக்கிறார்கள். பின்னணியில் பாட்டு ஓடுவதால் பறவைகளின் குரல் கேட்கவில்லை. அது கேட்டிருந்தால், வரவேற்பு என்று எழுத யாருக்கும் மனம் வந்திருக்காது.

அவை ஆற்று ஆலாக்கள். மஞ்சள் அலகு, சிவந்த கால்கள், உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி, நீண்டு பிளந்த வால். கடற்பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளிலும் லட்சத்தீவின் பிட்டி தீவிலும் முட்டையிடும் ஆலாக்களுக்கு உறவு. இவையோ ஆறுகளையும் அணைகளையும் நம்பி வாழ்கின்றன. ஒருவன் நிலைகொள்ளாமல் அலைந்தால் ஆலாய்ப் பறக்கிறான் என்கிறோம். அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. தரையில் முட்டை கிடக்கிறது, பக்கத்தில் மனிதன் நிற்கிறான், இறங்க வழியில்லை. அதனால்தான் அந்தப் பறத்தல்.

ஆலா மரத்தில் கூடு கட்டுவதில்லை. குச்சி அடுக்குவதில்லை. வெறுந்தரையில், மணலிலோ சரளையிலோ, நெஞ்சால் அழுத்தி ஒரு சிறு குழி செய்து அதில் இரண்டு மூன்று முட்டைகள் இடும். நாயும் நரியும் கீரியும் எளிதில் வர முடியாத இடம் என்பதால்தான் சுற்றிலும் தண்ணீர் உள்ள திட்டைத் தேடுகிறது. அந்தத் திட்டு ஆண்டு முழுவதும் இருக்காது. மாசி, பங்குனியில் நீர்மட்டம் இறங்கும்போது தலைகாட்டும். காவிரியில் வெள்ளம் வந்தால் மறைந்துவிடும். 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. டெல்டாவுக்கு நல்ல செய்தி. ஆனால் அப்படி நிறைந்த ஆண்டுகளில் தாழ்வான திட்டுகள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். ஆக, முட்டையிட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாத்து, குஞ்சைப் பறக்க வைக்க அவற்றுக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். அதே மாதங்களில்தான் நமக்கும் கோடை விடுமுறை. பண்ணவாடி அருகே மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று செய்தி வந்தால் போதும், குடும்பம் குடும்பமாகப் பரிசலில் கிளம்பிவிடுகிறோம்.

நானும் அப்படிக் கிளம்பியவன்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், அக்கா மகளை அழைத்துக்கொண்டு நந்தியைப் பார்க்கப் போனேன். திரும்பும் வழியில் ஒரு திட்டின் மேல் பறவைகள் பறப்பதைப் பார்த்து, பரிசலை அங்கே ஒதுக்கச் சொன்னேன். பரிசல்காரர் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். இறங்கி நாலு அடி வைத்திருப்பேன், "தம்பி, காலைப் பார்த்து வையுங்கள்" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார். குனிந்து பார்த்தால், என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி மூன்று முட்டைகள். ஆட்டுக் குளம்பு பதிந்த அளவுக்குக் குழி. களிமண் நிறம், அதில் பழுப்புத் திட்டுகள். சுற்றிக் கிடந்த கூழாங்கற்களிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. ஒன்றைப் பார்த்த பிறகுதான் அடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது, பிறகு அதற்கடுத்தது. நான் நடந்து வந்த வழியிலேயே இரண்டு குழிகள் இருந்தன.

எதையும் மிதிக்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன். முட்டைகளைத் தொடாமல், மிகவும் கவனமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு, கால் மணி நேரம் படம் எடுத்தேன். மதியம் பன்னிரண்டரை மணி. அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு பாறையில் கை வைத்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "மாமா, கல் இப்படிச் சுடுகிறதே, முட்டை வெந்துவிடாதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. அடைகாத்தல் என்றால் சூடு கொடுப்பது என்றே நமக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கோடையில், வெறும் பாறையில் கிடக்கும் முட்டைக்கு நண்பகலில் தாய் கொடுப்பது சூடு அல்ல, நிழல். தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைக்கும் பறவைகள் உண்டு. நம் வயல்வரப்பில் கத்தும் ஆட்காட்டிகூட அதைச் செய்கிறது. அப்படிக் காத்த முட்டையை விட்டுத் தாய் எழுந்து போனால், உள்ளே இருக்கும் கரு தாங்குவது கொஞ்ச நேரம்தான். நான் நின்றது கால் மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் முட்டை அப்படியே இருக்கும்; ஓட்டில் ஒரு கீறல்கூட விழாது. அதனால்தான் "நாங்கள் எதையும் தொடவில்லையே, சும்மா பார்க்கத்தானே போனோம்" என்று மனசாட்சியோடு சொல்ல முடிகிறது. நானும் பல நாள் அதைச் சொல்லிக்கொண்டேன்.

பரிசல் திரும்பியபோது இரண்டு காகங்கள் அந்தத் திட்டில் இறங்குவதைப் பார்த்தேன். ஆலாக்கள் ஒன்றுசேர்ந்து பாய்ந்து கொத்தினால் காகத்தைத் துரத்திவிடும், பருந்தைக்கூட விரட்டும். ஆனால் மனிதனைக் கண்டு கலைந்து மேலே பறக்கும்போது காவல் இல்லை. அந்த இடைவெளிதான் காகத்துக்குத் தேவை. இதில் பிரியாணிப் பொட்டலத்தையும் எலும்பையும் திட்டிலேயே போட்டுவிட்டு வந்தால், நாம் போன பிறகும் காகம் அங்கேயே தங்கிவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த ஆலாக் குஞ்சுகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பயந்து ஓடி, பக்கத்துக் குழிக்காரப் பறவையிடம் கொத்து வாங்கும். நிழலை விட்டு வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

மீன்பிடிக்கிறவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் தினமும் அந்த வழியாகத்தான் பரிசலில் போகிறார்கள். ஒரே வழியில், நிற்காமல், இறங்காமல் போகும் பரிசலைப் பறவைகள் பழகிக்கொள்கின்றன. பல எழுந்திருப்பதுகூட இல்லை. தொல்லை இறங்குவதில் இருக்கிறது, திட்டை நோக்கி நேராக வருவதில் இருக்கிறது, நின்று பார்ப்பதில் இருக்கிறது. ஒகேனக்கலில் கூட்டம் என்று ஆள் இல்லாத இடமாகத் தேடி வருகிறோமே, அந்த ஆள் இல்லாத இடம்தான் அவற்றுக்கும் வேண்டும்.

ட்ரோன் இன்னும் மோசம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், போல்சா சிக்கா என்ற கடலோரக் காப்பகத்தில், தடையை மீறிப் பறக்கவிட்ட ஒரு ட்ரோன் ஆலாக்கள் முட்டையிட்டிருந்த திட்டில் விழுந்தது. ஒரு பறவைமேலும் அது மோதியதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆலாக்கள் மொத்தமாக அந்த இடத்தை விட்டுப் போய்விட்டன. சுமார் 1,500 முட்டைகள் மணலில் அப்படியே கிடந்து வீணாயின. இப்போது எங்கள் பக்கம் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கெல்லாம் அணைப் பகுதியில் ட்ரோன் பறக்கிறது.

அந்த நான்கு இளைஞர்களைவிட எனக்குக் கோபம் வருவது பறவைப் படம் எடுக்கும் சிலர்மேல்தான். அவர்களுக்குத் தெரியும். பெயர் தெரியும், பருவம் தெரியும், ஆற்று ஆலா எளிதில் அழிந்துபோகக்கூடிய பறவைகளின் உலகப் பட்டியலில் இருப்பதும் தெரியும். தெரிந்தும் குஞ்சுக்கு மீன் ஊட்டும் ஒரு படத்துக்காகத் திட்டில் படுத்துக் கிடக்கிறார்கள். படத்தோடு இடத்தையும் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் இருபது பேர் வருகிறார்கள்.

பரிசல்காரர்களின் பிழைப்பு கெடும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஏன் கெட வேண்டும்? திட்டில் இறக்கிவிட்டாலும் தள்ளி நின்று காட்டினாலும் கூலி ஒன்றுதான். வடக்கே சம்பல் ஆற்றில், ஆலாவின் உறவான பறவைகள் முட்டையிடும் மணல் திட்டுகளுக்கு உள்ளூர்க்காரர்களையே காவலுக்கு வைத்து, கூலியும் கொடுக்கிறார்கள். இங்கே நாகமரையிலும் ஒட்டனூரிலும் அதைச் செய்யத் தகுந்தவர்கள் இல்லையா? வனத்துறையும் மீன்வளத்துறையும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதங்களுக்கு எந்தத் திட்டில் பறவை இருக்கிறதோ அதில் மட்டும் யாரையும் இறங்கவிடாமல் செய்தால் போதும். பரிசல் துறையில் ஒரு பலகை, திட்டைச் சுற்றி மிதவையில் நாலு கொடிகள். பெரிய செலவு இல்லை.

இப்படி ஒதுங்கி நிற்பது நமக்குப் புதியதும் அல்ல. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இலேயே கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் கலைந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளும் வெடிப்பதில்லை. அதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

அந்த வீடியோவை நீக்கும்படி நால்வருக்கும் தனித்தனியே எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார்: "அண்ணா, அங்கே முட்டை இருந்தது சத்தியமாக எங்களுக்குத் தெரியாது." நம்புகிறேன். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாகமரைத் துறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அன்று என்னை எச்சரித்த அதே பரிசல்காரர்தான் வருகிறார். திட்டுக்கு எவ்வளவு தூரத்தில் துடுப்பை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் இரண்டு பைனாகுலர்கள் இருக்கின்றன. மற்ற மூவரும் வந்தால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.